மண் பொறியியல் ஆய்வு மாணவர் பரிசுகள்: வாய்க்கால் கரைக் களியை ஆய்ந்த ஒருவர் விண்ணப்பத்தில் எதை முன்வைக்க வேண்டும்?

வெண்ணாற்றங்கரை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்த நான், மண் பொறியியலில் எம்.டெக். படிப்பை இப்போதுதான் முடித்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும் காலத்தில் நிற்கும் கரை, தண்ணீரை நிறுத்திய சில நாட்களுக்குள் உட்புறமாகச் சரிவது ஏன் என்பதே என் ஆய்வேட்டின் கேள்வி. எங்கள் வீட்டு வயலுக்குத் தண்ணீர் தரும் கிளை வாய்க்காலில் சிறு வயது முதல் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சரிவைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

ஆய்வேட்டைப் பரிசுக்கு அனுப்பும்படி என் வழிகாட்டி சொல்கிறார். இந்திய நிலத்தொழில்நுட்பக் கழகத்தின் ஆண்டு மாநாட்டுக்குக் கட்டுரையாக அனுப்பலாம் என்பது ஒரு வழி. இந்தியத் தேசியப் பொறியியல் கழகம் இளநிலை, முதுநிலை, முனைவர் நிலை மாணவர் திட்டங்களுக்குத் தனித்தனியே வழங்கும் பரிசுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது மற்றொன்று.

என் தயக்கம் இதுதான். கரையிலிருந்து குலையாத மாதிரிகளை, அதாவது மண் இருந்த அமைப்புக் கெடாத துண்டுகளை, ட்யூபில் (மெல்லிய குழாயில்) இரண்டு முறை எடுத்தேன். முதல் முறை பிப்ரவரியில், வாய்க்கால் வறண்ட பிறகு. இரண்டாம் முறை நவம்பரில், கரை முழுதும் ஊறியிருந்தபோது. இரண்டு முறையும் சேர்த்து எடுத்தவற்றில் பாதிக்கு மேல் வீணாகிவிட்டன. ட்யூபின் இரு முனைகளையும் மெழுகு உருக்கி அடைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டுதான் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் தள்ளி எடுத்தபோது பிப்ரவரி மாதிரிகள் பல, பிட்டுக் குழலிலிருந்து விழும் புட்டைப் போல வில்லை வில்லையாக உதிர்ந்தன. எஞ்சிய சிலவற்றில்தான், மண்ணின் வலிமையை அளக்கும் டிரையாக்சியல் சோதனையும், பாரத்தில் அது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கும் இறுகல் சோதனையும் செய்ய முடிந்தது. உடன் படித்தவர்களின் ஆய்வேடுகளில் கணினி மாதிரியமைப்பின் வண்ணப் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரு சிறிய அட்டவணை. விண்ணப்பத்தில் எதை முன்னால் வைக்க வேண்டும்? வீணான மாதிரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கொள்ளிடக்கரை ஆய்வாளர்

சகோதரி, முனைவர் பட்ட ஆய்வில் நான்காம் ஆண்டில் இருக்கும் எனக்கு இந்த வழி பழக்கமானது. பரிசுக் குழுவில் இருப்பவர்கள் குறைந்த நேரத்தில் நிறைய விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள். புதுமை என்ன, வெளியான கட்டுரை உண்டா, முடிவு பொதுவாகப் பயன்படுமா என்னும் மூன்றைத்தான் முதல் பக்கத்தில் தேடுவார்கள். எனவே உங்கள் அளவீடுகளை வைத்து, நீர்மட்டம் விரைவாக இறங்கும் நிலைக்கு ஒரு கணினி மாதிரியை அமைத்து அதை முன்னால் வையுங்கள். வீணான மாதிரிகளை மறைக்கச் சொல்லவில்லை. அவற்றைப் பின்னிணைப்பில் சேர்த்தால் போதும்.

பரிசுக்கு ஆசைப்படுவதில் தவறேதும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வெழுதி எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதில் விடுதிச் செலவு போக, ட்யூப் செய்யவும் ஆள் கூலி கொடுக்கவும் என்ன மிஞ்சும் என்பது அனைவருக்கும் தெரியும். முனைவர் பட்டச் சேர்க்கையில் ஒரு பரிசு கதவைத் திறக்கிறது. ஆகவே குழு எதைப் பார்க்கிறதோ அதைக் காட்டுவதே அறிவுடைமை.

குடந்தை ஆசிரியர்

கொள்ளிடக்கரை ஆய்வாளர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாநாடுகளில் மாணவர் கட்டுரைகளை மதிப்பிட்டிருக்கிறேன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. மண் பொறியியலில் வல்ல ஒருவர் கட்டுரையைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, இந்த மண் எங்கிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான். அதற்கு விடை இல்லாவிட்டால் அடுத்து வரும் வண்ணப் படங்களை அவர் நம்ப மாட்டார். மென்பொருள் நாம் கொடுத்த எண்ணைத்தான் திருப்பித் தருகிறது. அந்த எண் குலைந்த மண்ணிலிருந்து வந்திருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறொரு கரையைப் பற்றிய படமாகவே இருக்கும்.

மாதிரி எடுப்பது ஏவலாள் செய்யும் வேலை என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. மாதிரி எடுக்கும் மெல்லிய சுவர்க் குழாய்க்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 2132, குழாயின் சுவர் கனத்தால் வெளித்தள்ளப்படும் மண்ணின் அளவு, உள்ளே வரும் மண்ணில் ஏறத்தாழ 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது. காரணம் எளிது. குழாய்ச் சுவர் கனமாக இருந்தால் அது மண்ணை வெட்டுவதற்குப் பதில் இடித்துத் தள்ளுகிறது. களியின் இயற்கையான அடுக்கமைப்பு குலைந்து, சோதனையில் வலிமை மாறித் தெரிகிறது. கடைத்தெருவில் கிடைத்த கனமான இரும்புக் குழாயை அறுத்து, சம்மட்டியால் அடித்து இறக்கிய மண்ணை, குலையாத மாதிரி என்று எழுதிய ஆய்வேடுகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் குழாயை அடித்து இறக்கினீர்களா, அழுத்தி இறக்கினீர்களா? அழுத்தி இறக்கியிருந்தால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். லண்டன் களி, பாஸ்டன் நீலக் களி, பாங்காக் களி ஆகியவை உலகம் முழுவதும் பாடநூல்களில் பெயர் பெற்றிருப்பதற்குக் காரணம், அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் காலடி மண்ணைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துச் சோதித்ததுதான். 1939-இல் தொடங்கிச் சிகாகோ சுரங்க ரயில் பணியில், மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகியின் கீழ் ரால்ஃப் பெக் செய்த வேலையில் பெரும்பகுதி, அந்த ஊர்க் களியை நாள்தோறும் எடுத்து அளந்து குறித்து வைத்ததே. கொச்சிக் கடற்களிக்குக்கூட ஒரு வரலாறு சேர்ந்துவிட்டது. நம் களத்தூர் வகை மண்ணை வேளாண் துறையினர் நன்றாக அறிவார்கள். ஆழமான களி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும் என்று அவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். பொறியாளர்களாகிய நாம் அதன் மேல் வீடும் சாலையும் கரையும் கட்டிக்கொண்டே, அதன் வலிமையை வெவ்வேறு பருவங்களில் அளந்து ஓரிடத்தில் சேர்த்து வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

பணமில்லாத ஆய்வு என்று தாழ்வாக நினைக்க வேண்டாம். டெர்சாகி இஸ்தான்புல் நகரத்து ராபர்ட் கல்லூரியில் இருந்தபோது, சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப் போட்ட பொருள்களையும் கொண்டுதான் தம் முதல் கருவிகளை அமைத்தார். 1925-இல் அவர் வெளியிட்ட மண் இயக்கவியலின் அடிப்படைகள் அந்தக் கருவிகளிலிருந்து வந்தவை.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

மாணவி அம்மாவுக்கு வணக்கம். வெண்ணாறு கோட்டத்தில் நீண்ட காலம் பணி செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. அதே கேள்வியை நாங்கள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் கேட்டுக்கொண்டு, பதில் எழுத நேரமில்லாமல் மணல் மூட்டை அடுக்கியவர்கள்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும் என்பதை டெல்டாவில் குழந்தையும் அறியும். அந்த ஏழு மாதங்களில் கரை மெல்ல மெல்லத் தண்ணீரைக் குடிக்கிறது. மூடியதும் வாய்க்காலில் மட்டம் சில நாட்களில் இறங்கிவிடுகிறது. ஆனால் களிக்குள் புகுந்த தண்ணீர் அவ்வளவு விரைவில் வெளியேறாது. வெளியே தாங்கி நின்ற தண்ணீரின் பாரம் போய்விட்டது. உள்ளே நுண்துளை நீரழுத்தம், அதாவது மண்துகள்களின் இடைவெளியில் சிக்கிய தண்ணீரின் அழுத்தம், மட்டும் அப்படியே நிற்கிறது. கரை அப்போதுதான் சரிகிறது. தண்ணீர் பற்றாக்குறை ஆண்டுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது இந்த ஏற்ற இறக்கம் பருவத்துக்கு ஒரு தடவை என்றில்லாமல் பல தடவை நிகழ்கிறது. அத்தகைய ஆண்டுகளில் சரிவுகள் கூடுதலாக இருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆகவே என் கேள்வி ஒன்றுதான். பிப்ரவரியில் எந்தத் தேதியில் மாதிரி எடுத்தீர்கள்? சரிவு எந்தத் தேதியில் நிகழ்ந்தது? இரண்டுக்கும் இடையே எத்தனை நாள்?

2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. 1830-களில் ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் ஆற்று மணலின் மேல் எழுந்த கட்டுமானம் அது. ஆழங்காண முடியாத தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றதாகக் காட்டனே பதிவு செய்திருக்கிறார். இந்த மண்ணையும் மணலையும் படிப்பவருக்கு வேலை தீர்ந்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். என்னிடம் பழைய கையெழுத்துக் குறிப்பேடுகள் சில இருக்கின்றன. கரை உடைந்த, சரிந்த இடங்களை மைல் கணக்கோடும் தேதியோடும் எழுதி வைத்திருக்கிறேன். பயன்படுமானால் பார்க்கலாம்.

மன்னார்குடி ஒப்பந்தக்காரர்

தங்கை, நான் படித்தது டிப்ளமோ வரைதான். ஆனால் தூர் வாரும் வேலையும் கரை பலப்படுத்தும் வேலையும் எடுத்துச் செய்பவன். ஒன்றைக் கவனியுங்கள். கரை என்பது இயற்கையாகப் படிந்த மண் அன்று. அடியில் பழைய களி. அதன் மேல் ஒவ்வொரு முறை தூர் வாரும்போதும் அள்ளிப் போட்ட வண்டல். சில இடங்களில் வெளியிலிருந்து கொண்டுவந்த சவுடு. இவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பொக்லைனால் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டாமல் விட்ட கரை எது, அடுக்கடுக்காக இறுக்கிய கரை எது என்று வெட்டினால் தெரியும். இவை தவிர எலி வளையும் நண்டு வளையும் உண்டு. கரை முழுவதும் ஒரே மண் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அது எங்கள் ஊர்க் கரையாக இராது.

வெண்ணாற்றங்கரை மாணவி

அனைவருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக விடை சொல்கிறேன்.

ஆசிரியர் ஐயா, குழாயை அடிக்கவில்லை. கரையின் மேல் ஒரு மரச் சட்டத்தை நட்டு, லாரி ஜாக்கியை அதன் கீழ் வைத்து, குழாயை மெல்ல அழுத்தி இறக்கினோம். என் தந்தையும் சித்தப்பாவும் சட்டத்தின் மேல் நெல் மூட்டைகளைப் பாரமாக வைத்து நின்றார்கள். நவம்பரில் குழாய் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பிப்ரவரியில் ஒரு சாண் இறங்குவதற்குள் ஜாக்கி சட்டத்தையே தூக்கத் தொடங்கியது. இதை ஆய்வேட்டில் நான் எழுதவே இல்லை. எழுதத் தக்கது என்று தோன்றவில்லை.

பாசனப் பொறியாளர் ஐயா, உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. சரிவு பிப்ரவரி முதல் வாரத்தில் நிகழ்ந்தது. நான் மாதிரி எடுத்தது அதே மாதம் மூன்றாம் வாரத்தில். தேர்வு முடியக் காத்திருந்தேன். அதற்குள் கரையின் மேற்பகுதி காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அதாவது, சரிந்தபோது இருந்த மண்ணை நான் பிப்ரவரியில் எடுக்கவில்லை. நவம்பரில் எடுத்த ஊறிய மண்தான் சரிவு நாளின் நிலைக்கு நெருக்கமானது. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: பிப்ரவரி மாதிரியின் வெட்டு வலிமையை (மண் வழுக்கிச் சரியாமல் தாங்கும் திறனை) கொண்டு கணக்கிட்டால் கரை உறுதியாக நிற்கிறது, நவம்பர் மாதிரியைக் கொண்டு, தண்ணீர் இறங்கிய நிலையில் கணக்கிட்டால் நிற்கவில்லை. இந்த முரண்பாட்டை என் பிழை என்று கருதி, பிப்ரவரி மாதிரிகள் குறைவு என்ற ஒரு வரியோடு கடந்துவிட்டேன்.

ஒப்பந்தக்காரர் அண்ணா, நவம்பர் மாதிரி ஒன்றின் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு நண்டு வளை இருந்தது. உட்சுவர் வழுவழுப்பாக, விரலால் மெழுகியது போல இருந்தது. அதைச் சோதனைக்கு உதவாது என்று தள்ளிவிட்டேன். வீணான மாதிரிகளின் கணக்கில் அதுவும் ஒன்று.

குடந்தை ஆசிரியர்

அம்மா, நீங்கள் பிழை என்று ஒதுக்கியதுதான் உங்கள் ஆய்வின் கண்டுபிடிப்பு. காய்ந்த களியில் நீர் உறிஞ்சு விசை மண்துகள்களை இறுகப் பிடித்து வைக்கிறது. அந்த நிலையில் அளந்த வலிமை கடனாக வந்த வலிமை. தண்ணீர் வந்ததும் போய்விடும். வாய்க்கால் பணிகளுக்கான மண் சோதனையை, வேலை செய்ய வசதியான கோடையில்தான் பெரும்பாலும் செய்கிறோம். அப்படியானால் நாம் எந்த மண்ணை அளந்து எந்த மண்ணுக்கு வடிவமைக்கிறோம் என்ற கேள்வியை உங்கள் சிறிய அட்டவணை எழுப்புகிறது. ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், இரண்டு பருவங்களில் எடுத்த மாதிரிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறீர்கள். குறைந்த எண்ணிக்கைதான், அதை மறைக்காமல் சொன்னால் அதன் மதிப்புக் குறையாது. வீணான மாதிரிகளின் அட்டவணையை, எதனால் வீணானது என்ற பத்தியோடு, ஆய்வேட்டின் உடலிலேயே வையுங்கள். அடுத்து இந்தக் கரைக்கு வரும் மாணவருக்கு அந்த ஒரு பக்கம் பெரும் உதவி.

கொள்ளிடக்கரை ஆய்வாளர்

ஐந்தாம் அத்தியாயத்தைப் பற்றிப் படித்த பிறகு என் முதல் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். கணினி மாதிரியை முன்னால் வைக்கச் சொன்னது தவறு. ஆனால் ஒன்றில் நான் உறுதியாக இருக்கிறேன். குழுவில் பிற மாநிலத்தவர்களும் இருப்பார்கள். ஜூன் 12, ஜனவரி 28 என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. தண்ணீர் நாள்காட்டியை நான்கு வரியில் விளக்கிவிட்டு, சரிவு நாள், மாதிரி நாள் ஆகியவற்றை ஒரே கோட்டில் குறித்த ஒரு படத்தை முதல் பக்கத்தில் தாருங்கள். அந்த ஒரு படம் மற்ற அனைத்தையும் சுமக்கும். விண்ணப்பத்தில் வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். நீங்கள் நேரில் கரையில் நின்று மாதிரி எடுத்ததை அதில் குறிப்பிடும்படி அவரிடம் வேண்டுங்கள்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எம்.டெக். ஆய்வுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஓராண்டு. டெல்டாவின் தண்ணீர் ஓராண்டில் ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஆய்வே போயிற்று. நானே கொள்ளிடக் கரையில் ஒரு வெள்ளப் பருவத்து மாதிரிகளை இழந்தேன். சோதனைக்குக் கொடுத்த ஓர் ஆய்வகத்தில், சொல்லியும் கேளாமல், மாதிரிகளை முதலில் 105 டிகிரி அடுப்பில் உலர்த்திவிட்டார்கள். அடுத்த வெள்ளத்துக்கு ஓராண்டு காத்திருந்தேன். ஆய்வு முடிந்த பிறகு தரும் பரிசைவிட, மாதிரி எடுக்கப் போகும் முன் கையில் கிடைக்கும் சிறு தொகை ஒன்று இருந்தால், என்னைப் போன்றவர்கள் அந்த ஆய்வகத்தை நாடியிருக்க மாட்டோம்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

இந்தக் கடைசிக் கருத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ட்யூப், மெழுகு, ஜாக்கி வாடகை, இரண்டு ஆள் கூலி, வண்டிச் செலவு ஆகியவற்றுக்கு ஒரு மாணவரிடம் பணமில்லை என்பதால் கரை ஆய்வு நின்றுவிடக் கூடாது. எங்கள் ஓய்வுபெற்றோர் நண்பர்கள் சிலரிடம் பேசிப் பார்க்கிறேன். நிபந்தனை ஒன்று வைக்கலாம் என்று தோன்றுகிறது: எடுத்த இடம், ஆழம், தேதி, அன்றைய வாய்க்கால் நீர்மட்டம், கிடைத்த எண்கள், வீணானவை எத்தனை என்பனவற்றை, பிறரும் பார்க்கும்படி பதிந்து வைக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை மாணவி

விண்ணப்பத்தின் முதல் பத்தியை இப்படித் திருத்தி எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

“காவிரி டெல்டாவின் களிமண் கரைகள், பாசன நீர் நிறுத்தப்பட்ட சில நாட்களில் சரிகின்றன. இந்த ஆய்வில், சரிந்த ஒரு கரையிலிருந்து வறண்ட பருவத்திலும் ஊறிய பருவத்திலும் ஒரே ஆழத்தில் மாதிரிகள் அழுத்தி எடுக்கப்பட்டன. வறண்ட பருவத்து வலிமையைக் கொண்டு கணக்கிட்டால் கரை நிற்க வேண்டும். ஆனால் அது சரிந்தது. ஊறிய பருவத்து வலிமையும், நீர்மட்டம் இறங்கிய பின் களியில் எஞ்சும் நீரழுத்தமும் சேர்ந்தே அந்தச் சரிவை விளக்குகின்றன. எடுத்த மாதிரிகளில் பாதிக்கு மேல் சோதனைக்கு உதவவில்லை. அவற்றின் காரணங்கள் மூன்றாம் பக்கத்தில் உள்ளன. சரிவு நிகழ்ந்த நாளிலேயே மாதிரி எடுக்க இயலவில்லை என்பது இந்த ஆய்வின் முதன்மையான குறை.”

நண்டு வளை இருந்த மாதிரியின் ஒளிப்படம் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது, அதையும் சேர்க்கிறேன்.

பொறியாளர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை தந்தையோடு வந்து உங்கள் குறிப்பேடுகளைப் பார்க்கலாமா? எங்கள் வாய்க்காலில் தலைப்பு மதகுக்கு அடுத்த மைல் கல் தூர் வாரியபோது பெயர்ந்துவிட்டது. நீங்கள் எழுதிய மைல் கணக்கை எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதை நேரில் கேட்டு, கரையில் நடந்து அளந்து குறித்துக்கொள்ள விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

தாராளமாக வாருங்கள் அம்மா. கணக்கு மதகின் கீழ்ப்புறச் சுவரிலிருந்து தொடங்குகிறது. அந்தச் சுவரில் செதுக்கிய குறி ஒன்று இருக்கும், பாசி படிந்திருந்தால் தேய்த்துப் பாருங்கள். அளவு நாடா என்னிடம் இருக்கிறது.